முப்பத்தொரு துணிப்பைகள்

பழைய ரசீது ஒன்றைத் தேடி அலமாரியின் கீழ்த்தட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே திணித்து வைத்திருந்ததெல்லாம் பொதபொதவென்று காலில் விழுந்தது. அத்தனையும் துணிப்பைகள். ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கும்போது சும்மா எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு வரை வேடிக்கையாக இருந்தது, இருபதைத் தாண்டியதும் கொஞ்சம் சங்கடமானது, முடிக்கும்போது 31. அவற்றில் நான் உண்மையிலேயே தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனவை நான்கோ ஐந்தோதான். மற்றவற்றில் மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. இரண்டு பைகளுக்குள் குறிப்பேடும் பேனாவும் கொடுத்தபடியே கிடந்தன. ஏதோ கருத்தரங்கு, ஏதோ பயிற்சி வகுப்பு, ஏதோ நிறுவனத்தின் ஆண்டு விழா. முக்கால்வாசிப் பைகளில் பச்சை மையில் ஒரு மரம், இல்லையென்றால் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு உலக உருண்டை. கீழே பூமியைக் காப்பாற்றச் சொல்லி ஒரு வரி.

சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். அம்மா பிளாஸ்டிக் கவர்களைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, நான்காக மடித்து மெத்தைக்கு அடியில் செருகி வைக்கிறவள். அதற்காக நான் அவளோடு போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. "இவ்வளவு பையா? எதுக்குடா?" என்றாள். "பிளாஸ்டிக் வாங்கக் கூடாதுன்னுதாம்மா" என்றேன். "நீ எங்க வாங்கின? எல்லாம் சும்மா குடுத்ததுதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரவு படுத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. உண்மைதான், அந்த 31-ல் ஒன்றைக்கூட நான் கேட்டு வாங்கவில்லை. கடையில் பில் போட்டு முடிப்பதற்குள் கேட்காமலேயே கைக்கு வந்துவிடும் கவர் மாதிரியேதான் இவையும் வந்தன. கவர் என்றால் முகத்தைச் சுளிப்பேன். துணிப்பை என்றால் புன்னகையோடு வாங்கி வந்து அலமாரியில் போட்டுக் கதவைச் சாத்துவேன். இரண்டு இடத்திலும் நான் சொல்லாமல் விட்ட வார்த்தை ஒன்றுதான்: வேண்டாம்.

(எழுத்தில் 'நெகிழிப்பை' என்று போட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு நெகிழிப்பை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிய ஒருவரை இதுவரை பார்த்ததில்லை. கவர் என்றுதான் கேட்கிறோம். இங்கேயும் கவர் என்றே இருக்கட்டும்.)

கவர்களைத் தடை செய்யலாமா கூடாதா என்ற விவாதத்தில் நான் நெடுநாளாக ஒரே பக்கம்தான். யாராவது லேசாக முணுமுணுத்தாலும் 2018-ல் தாய்லாந்தில் இறந்துபோன திமிங்கிலத்தை இழுத்து வந்துவிடுவேன். அதன் வயிற்றில் இருந்தவை 80 பைகள், 8 கிலோ. எதிர்ப்பக்கத்துக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் மூன்றுக்கும் என்னிடம் தயாராகப் பதில் உண்டு. காகிதப் பைக்கு மரம் வெட்டுவாயா என்பார்கள், துணிப்பை என்பேன். வசதி இல்லாதவன் என்ன செய்வான் என்பார்கள், கவர் வருவதற்கு முன்னால் என்ன செய்தானோ அதை என்பேன். தயாரிப்புக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கவர்தான் மேல் என்று ஒரு ஆய்வு இருக்கிறதே என்பார்கள். அதற்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை, சிரிப்பேன். அந்தத் தொழில்காரர்களே காசு கொடுத்து எழுத வைத்திருப்பார்கள் என்ற சிரிப்பு. ஆய்வைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அலமாரி திறந்துகொண்ட மறுநாள்தான் முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன்.

131 தடவை

முதலில் கிடைத்தது பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்டது. அது அரசு அமைப்பு. என் சிரிப்பு அங்கேயே பாதி போய்விட்டது. மூலப்பொருளை எடுப்பதில் தொடங்கி ஆலை, போக்குவரத்து, கடைசியில் குப்பையாகிப் புதைபடுவது வரை ஒரு பையின் முழு ஆயுளையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் மெல்லிய கவர்தான் அளவுகோல். புவி வெப்பமாவதில் அந்தக் கவரின் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு இறங்கி வரவேண்டுமானால் மற்ற பைகளை எத்தனை தடவை பயன்படுத்த வேண்டும்? காகிதப் பையை 3 தடவை. கெட்டி பிளாஸ்டிக் பையை 4. துணி மாதிரியே இருக்கும், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பையை 11. பருத்திப் பையை 131. வீட்டில் சிலர் கவரைக் குப்பைக் கூடைக்குள் விரித்து இன்னொரு தடவை பயன்படுத்திக்கொள்வதையும் சேர்த்தால் பருத்திப் பையின் எண் 173 ஆகிவிடுகிறது.

ஏன் இவ்வளவு என்று யோசித்தால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. கவர் ஏழெட்டு கிராம். அந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட பருத்திப் பை அதைப் போல 20 மடங்குக்கு மேல் எடை. அத்தனை பஞ்சும் ஒரு வயலில் விளைந்திருக்கிறது, தண்ணீர் குடித்திருக்கிறது, உரமும் பூச்சிமருந்தும் வாங்கியிருக்கிறது, பிறகு நூலாகி, நெய்யப்பட்டு, வெளுக்கப்பட்டு, நம் உலக உருண்டைப் படத்தைத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. டென்மார்க் அரசு 2018-ல் செய்த ஆய்வு இன்னும் கடுமை. அவர்களுடைய அளவுகோல் சற்றுக் கெட்டியான பை, குப்பைக் கூடையில் ஒரு தடவை மறுபயன் கண்ட பை. அதோடு ஒப்பிட்டால் பருத்திப் பையைக் காலநிலைக்கு மட்டும் 52 தடவையும், நீர், ஓசோன் என்று எல்லாக் குறியீடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவையும் பயன்படுத்த வேண்டும். இயற்கை முறையில் விளைந்த பருத்தி என்றால் 20,000. விளைச்சல் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்குப் போகிறவன் 7,100-ஐ எட்ட 68 வருடம் ஆகும். 20,000-ஐ எட்ட 192 வருடம். பையை உயிலில் எழுதிவைக்க வேண்டியதுதான்.

7,100 என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் ஒன்றை வசதியாக மறைத்துவிடுகிறார்கள். ஓசோன் படலம் என்ற ஒரே குறியீடுதான் அதை அந்த உயரத்துக்குத் தள்ளியது. காலநிலையை மட்டும் பார்த்தால் 52, அதாவது வாரம் இரண்டு தடவை வீதம் அரை வருடம். அரை வருடம் ஒரு பையைச் சுமப்பது யாராலும் முடியும். எனக்குச் சங்கடம் தந்தது அந்தப் பெரிய எண் அல்ல, என் 31.

அன்று மாலை இன்னொரு காரியமும் செய்தேன். துணி மாதிரி இருப்பதெல்லாம் துணி அல்ல என்று படித்திருந்ததால், எல்லாப் பைகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் உள்தையலிலிருந்தும் ஒரு சிறு துணுக்கை வெட்டி, தீக்குச்சி உரசிக் காட்டினேன். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. மற்றது எரியவில்லை, சுருண்டு, உருகி, ஆறியதும் கெட்டியான ஒரு கருமணியாக இடுக்கியில் ஒட்டிக்கொண்டது. 31-ல் 9 பைகள் அப்படி. அந்த ஒன்பதில் ஏழில் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கச் சொல்லும் வாசகம் இருந்தது. அறைக்குள் மெழுகுவத்தி அணைத்த மாதிரி ஒரு நாற்றம். அம்மா வந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள், எதுவும் கேட்கவில்லை. மிச்சம் 22 பருத்திப் பைகளுக்குப் பிரிட்டன் கணக்குப்படி தலா 131, இந்த 9-க்குத் தலா 11. மொத்தம் 2,981 தடவை. இனிமேல் ஒரு பைகூடப் புதிதாக வீட்டுக்குள் வராமல் இருந்து, நான் ஒரு வாரமும் தவறாமல் இரண்டு தடவை கடைக்குப் போனால், கவர் வாங்கியவனுக்குச் சமமாவதற்கு 29 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதுவரை நான் கடன்காரன்.

அம்மாவிடம் ஊதா நிறத்தில் ஒரு கவர் இருக்கிறது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் வீட்டுக்குள் வந்தது. கொஞ்சம் கெட்டி. ஒரு காது கிழிந்து, முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு. வெளியே கிளம்பும்போது அது தானாக அவள் கைக்குள் மடிந்துகொள்ளும். நான் தோளில் மாட்டிய துணிப்பையோடு, அவள் அந்த ஊதாக் கவரோடு, சேர்ந்து நடக்கும் நாட்களில் எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அந்த ஊர்வலத்தில் வெட்கப்பட வேண்டியவன் வேறு ஆள்.

கடையில் இன்று நாம் பார்க்கும், இரண்டு காது வைத்த கவரை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். செல்லோபிளாஸ்ட் என்ற நிறுவனத்துக்காக அதைச் செய்தார். 1965-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. தனியாகக் கைப்பிடி ஒட்டும் வேலை கிடையாது. ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தட்டையாக்கி, மேலும் கீழும் சூடு வைத்து ஒட்டி, மேற்பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் காதுகள் தாமாக உண்டாகிவிடும். எளிமை என்றால் அப்படி ஒரு எளிமை. தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு சுமக்கும். காகிதப் பைக்காக மரங்கள் விழுவதைக் குறைக்க இது உதவும் என்று துலின் நினைத்தார், தூக்கி எறிவதற்காக அதைச் செய்யவில்லை என்று அவருடைய மகன் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். துலின் எப்போதும் சட்டைப்பையில் ஒரு கவரை மடித்து வைத்திருப்பாராம். இதைப் படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நல்ல மனுஷன்" என்றாள்.

கணக்கில் வராதவை

இந்த இடத்தில் நான் கட்சி மாறியிருக்க வேண்டும். இரண்டு வாரம் மாறியும் இருந்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் 131 என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். புதிதாக மதம் மாறியவனுக்குத்தான் குரல் உயரும். அடக்கியது டென்மார்க் ஆய்வின் உள்ளேயே இருந்த ஒரு குறிப்பு. தெருவிலும் கடலிலும் குப்பையாகச் சிதறும் பைகளின் விளைவை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. டென்மார்க்கில் அது புறக்கணிக்கத்தக்க அளவுதான் என்று விட்டுவிட்டார்கள். அங்கே அது நியாயமாக இருக்கலாம். கிட்டத்தட்ட எல்லாக் குப்பையும் சேகரிக்கப்பட்டு உலைக்கோ மறுசுழற்சிக்கோ போகும் நாடு. ஆனால் இந்த விவாதமே அந்த விடுபட்ட பகுதியைப் பற்றியதுதானே? தப்பித்துப் போகும் பையைப் பற்றித்தானே நாம் பேச ஆரம்பித்தோம்?

கவரின் குணங்கள் எவையோ அவையே அதன் குற்றங்கள். எடை இல்லை, ஆகவே காற்று எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் ஊறாது, ஆகவே மிதக்கும், மூழ்கினாலும் கிழியாது, வடிகால் சல்லடையில் ஈரத்துணி மாதிரிப் படிந்துகொள்ளும். வங்கதேசம் 1988-லும் 1998-லும் கண்ட பெருவெள்ளங்களின்போது டாக்காவின் வடிகால்களை அடைத்து நின்றவற்றில் கவர்கள் முக்கியமானவை. 2002-ல் மெல்லிய கவர்களை நாடு முழுக்கத் தடை செய்த முதல் தேசமாக அது ஆனதற்கு ஆமையோ திமிங்கிலமோ காரணமல்ல, சாக்கடைதான். 150 கிராம் துணிப்பை ஒன்று பறந்து போய் வடிகாலை அடைக்காது என்று எந்தக் கார்பன் கணக்கும் சொல்லாது. கடலுக்குப் போனால் கதை வேறு மாதிரி. கவர் ஜெல்லி மீன் மாதிரித் தெரிவதால் ஆமை தின்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். 2020-ல் வந்த ஓர் ஆய்வு அதோடு வாசனையையும் சேர்த்தது. கடலில் ஊறி, மேலே பாசியும் நுண்ணுயிரும் படிந்த பிளாஸ்டிக்கின் வாடைக்கு, இரையின் வாடைக்கு எப்படித் திரும்புமோ அதே மாதிரி ஆமைகள் திரும்பின. புதுப் பிளாஸ்டிக்குக்குத் திரும்பவில்லை.

மக்கிவிடும் என்று அச்சடித்த கவர்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் சில நாள் அதில்தான் நம்பிக்கை வைத்திருந்தேன். பிளிமத் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட பைகளை மண்ணில் புதைத்தும், கடல்நீரில் போட்டும், வெட்டவெளியில் தொங்கவிட்டும் 3 வருடம் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2019-ல் வந்தது. 'மக்கும்' என்ற பை ஒன்று மூன்று வருடம் மண்ணுக்குள்ளும் கடலிலும் கிடந்த பிறகும், கடைச்சாமான் போட்டுத் தூக்கினால் தாங்கியது.

ஆக, இரண்டு கட்சியும் இரண்டு வேறு குற்றங்களைப் பற்றிப் பேசுகின்றன. ஒருவர் பை பிறக்கும்போது ஆகும் சேதத்தைச் சொல்கிறார், மற்றவர் பை தொலைந்துபோன பிறகு ஆகும் சேதத்தைச் சொல்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வழியில்லை. இத்தனை டன் கார்பன் இத்தனை ஆமைக்குச் சமம் என்று யார் சொல்வது?

பை வேணுமா?

சரி, சட்டங்கள் என்ன செய்திருக்கின்றன என்று பார்க்கப் போனேன். அங்கேதான் அம்மா சொன்ன 'சும்மா குடுத்தது' திரும்பி வந்தது.

அயர்லாந்து 2002 மார்ச்சில் கவரைத் தடை செய்யவில்லை, 15 சென்ட் கட்டணம் வைத்தது. அதற்கு முன்னால் மக்களிடம் ஒரு பைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சராசரியாக வந்த பதில் இரண்டரை சென்டைக்கூட எட்டவில்லை. ஆறு மடங்குக்கு மேல் வைத்தார்கள், பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்றார்கள். ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 328 என்றிருந்த கவர் 21 ஆனது. பதினைந்து சென்டைச் சேமிக்க யாரும் அவ்வளவு பாடுபடுவதில்லை என்பது என் எண்ணம். வேலை செய்தது கேள்வி. அதுவரை கேட்காமல் போட்டுக் கொடுத்த கை இப்போது நின்று, நிமிர்ந்து பார்த்து, "பை வேணுமா?" என்று கேட்க வேண்டியிருந்தது. பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்க, ஆமாம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது. வேண்டாம் என்பதற்குத்தான் முன்பு தைரியம் வேண்டியிருந்தது, அந்தக் கட்டணம் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது.

சட்டம் கேள்வியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்த இடங்களில் நடந்ததே வேறு. கலிபோர்னியா 2014-ல் மெல்லிய கவரைத் தடை செய்யச் சட்டம் போட்டது, 2016-ல் வாக்கெடுப்பில் மக்களும் ஆமோதித்தார்கள். ஆனால் பல தடவை பயன்படுத்தலாம் என்று சொல்லிக் கெட்டி பிளாஸ்டிக் பையை அனுமதித்தது. சட்டத்தின் பார்வையில் அது பல தடவைப் பை. வாங்கினவன் பார்வையில் அதுவும் கவர்தான், ஒரு தடவையில் எறிந்தான். ஒவ்வொன்றும் எடை அதிகம் என்பதால் எறிந்த பிளாஸ்டிக்கின் மொத்த எடை ஏறியது. 2024-ல் மறுபடி உட்கார்ந்து அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு சட்டம் போட்டார்கள். இந்தியாவின் விதிகளையும் இதே வரிசையில் வைக்கலாம். 1999-ல் குறைந்தபட்சத் தடிமன் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), 2011-ல் 40, 2016-ல் 50, 2021-ல் 75, 2022 முடிவில் 120. பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை: தடிமனான பையைக் கடைக்காரர் சும்மா கொடுக்க யோசிப்பார், குப்பை பொறுக்குகிறவருக்கும் அதை எடுத்துப் போட்டால் கொஞ்சம் காசு கிடைக்கும். ஆனால் மைக்ரானைக் கையால் தொட்டுச் சொல்லக்கூடிய மனிதர் யார்? 75-க்கும் 120-க்கும் வித்தியாசத்தை விரலால் அறிகிறவர் யாராவது இருந்தால் அவர் அந்தப் பையைத் தயாரிப்பவராகத்தான் இருப்பார்.

இங்கிலாந்திலும் கேள்வி பாதி வேலைதான் செய்தது. 2015 அக்டோபரில் 5 பென்ஸ் கட்டணம் வந்த பிறகு சில வருடங்களில் பெரிய கடைகளில் மெல்லிய கவர் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதே கடைகள் 'வாழ்நாள் பை' என்று கெட்டியான ஒன்றை விற்க ஆரம்பித்தன. 2019 வாக்கில் ஒரே வருடத்தில் 150 கோடி வாழ்நாள் பைகள் விற்றன, ஒரு வீட்டுக்கு 54. ஒரு வருடத்தில் 54 வாழ்நாள்! இதைப் படித்தபோது என் 31-ஐ நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ரெபேக்கா டெய்லர் என்ற பொருளாதார அறிஞர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு தடைக்காரர்களுக்குக் கசப்பாக இருக்கும். கலிபோர்னியாவில் தடைகளால் கடைக் கவர்கள் 4 கோடி பவுண்டு எடை குறைந்தன. ஆனால் குப்பைக் கூடைக்கென்று காசு கொடுத்து வாங்கும் பைகள் 1.2 கோடி பவுண்டு கூடின. கடைக் கவரைக் குப்பைக்குப் பயன்படுத்தியவர்கள் இப்போது குப்பைக்கென்றே பிளாஸ்டிக் வாங்கினார்கள். எதிரிகள் இதைத் தோல்வி என்பார்கள். 4 கோடியிலிருந்து 1.2 கோடி போனால் மிச்சம் 2.8 கோடி என்பது எனக்குத் தெரிந்த கழித்தல். அதோடு 2025-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, கடற்கரைகளிலும் நதிக்கரைகளிலும் தன்னார்வலர்கள் குப்பை பொறுக்கிய 45,000-க்கும் மேற்பட்ட துப்புரவுப் பணிகளின் பதிவுகளை எடுத்து, சட்டம் உள்ள இடங்களையும் இல்லாத இடங்களையும் ஒப்பிட்டது. சட்டம் உள்ள இடங்களில் குப்பையில் கவரின் பங்கு 25 முதல் 47 சதவீதம் வரை குறைவு. கெட்டிப் பையை அனுமதித்த அரைத்தடைகள்தான் பலவீனம். முழுத்தடையும் கட்டணமும் நன்றாக வேலை செய்தன. ஆனால் சட்டம் உள்ள இடங்களிலும் கவரின் பங்கு ஏறிக்கொண்டேதான் இருந்தது, ஏற்றத்தின் வேகம் மட்டும்தான் மட்டுப்பட்டது.

தண்டனையைக் கூட்டினால் ஆகுமா என்றால், கென்யாவைப் பாருங்கள் என்பார்கள். 2017 ஆகஸ்டில் வந்த தடையில் 4 வருடம் வரை சிறை அல்லது 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம். தெருக்களில் கவர் குறைந்தது உண்மை. ஆனால் சிறை என்ற சொல்லைக் கேட்டதும் என் மனம் கூடையோடு உட்கார்ந்திருக்கிற ஆளிடம் போய்விடுகிறது. தயாரித்தவர் தொலைவில் இருக்கிறார், கடத்தி வந்தவர் ஓடிவிடுகிறார், கையில் கவரோடு பிடிபடுகிறவர் கடைசி ஆள். வங்கதேசத்தில் 2002-ல் போட்ட தடை கவரை ஒழித்துவிடவில்லை. 22 வருடம் கழித்து, 2024-ல், முதலில் பெரிய கடைகளில், பிறகு சந்தைகளில் என்று மறுபடி அமல்படுத்தக் கிளம்ப வேண்டியிருந்தது. காகிதத்தில் உள்ள தடை, விற்கிறவருக்கு ஒரு பயத்தையும் பிடிக்கிறவருக்கு ஒரு வருமானத்தையும் தருகிறது என்பது என் சந்தேகம்.

இவ்வளவுக்கும் பிறகு நீ எந்தப் பக்கம் என்று கேட்டால், தடைப் பக்கம்தான், ஆனால் பழைய ஆள் இல்லை. மெல்லிய கவர் போகட்டும். தொலைந்துபோகும் குணம் அதற்கு மட்டுமே இவ்வளவு அதிகம். ஆனால் அதன் இடத்தில் எதுவும் சும்மா கொடுக்கப்படக் கூடாது. காகிதமானாலும், துணியானாலும், பச்சை மரம் போட்ட பருத்தியானாலும். கருத்தரங்கு நடத்துகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன மாதம் ஒரு கூட்டத்தின் வாசலில் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் பையை நீட்டியபோது, "வேண்டாங்க, வீட்ல இருக்கு" என்றேன். அவர் நான் கோபித்துக்கொண்டுவிட்டதாக நினைத்து, "சார், எல்லாருக்கும் குடுக்கிறதுதான்" என்று இன்னும் கொஞ்சம் நீட்டினார். வாங்கியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். மறுப்பதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்ததும் பார்த்தால் எல்லா நாற்காலியிலும் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தது.

பைகளில் 25-ஐக் கொடுத்துவிட்டேன். கேட்டவர்களுக்கு மட்டும், ஆளுக்கு ஒன்று. ஆறு மிச்சம். ஒன்றை வாசல் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறேன், மறக்காமல் எடுத்துப் போக. ஆனாலும் மறக்கிறேன். அப்படி மறந்த நாட்களில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துச் சாமான் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

போன வாரம் அம்மா கிளம்பும்போது அந்த ஊதாக் கவரை மெத்தைக்கு அடியிலிருந்து உருவினாள். விரித்து ஒரு உதறு உதறினாள், வழக்கம்போல. சத்தம் வழக்கம்போல இல்லை. மடிப்பு மடிப்பாக, கோடு போட்ட மாதிரி நான்காகப் பிளந்துவிட்டது. இத்தனை வருட வெயிலும் மடிப்பும். தரையில் ஊதாச் செதில்கள் உதிர்ந்தன, சில அவள் புறங்கையில் ஒட்டிக்கொண்டன. தட்டிவிட்டாள், போகவில்லை. துடைப்பத்தால் கூட்டினேன், பாதி துடைப்பத்தில் ஒட்டியது, பாதி விசிறிக் காற்றில் கட்டிலுக்கு அடியில் போனது. மீதியைக் குனிந்து விரலால் ஒவ்வொன்றாக எடுத்து அவள் உள்ளங்கையில் போட்டேன். மெல்லிய கவர்களை மறுசுழற்சிக் கூடத்துக்கு அனுப்பினால் தரம் பிரிக்கும் எந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொள்ளும், எந்திரத்தை நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுப்பார்கள். முழுக் கவருக்கே அந்தக் கதி. இது கவரும் இல்லை.

"இதை எதுல போடறது?" என்றாள் அம்மா, கையை மூடாமல். வாசல் கதவில் தொங்கிய துணிப்பையை எடுத்து அவளிடம் நீட்டினேன். இன்னொரு கையால் வாங்கிக்கொண்டாள். முதல் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.